பாரிஸ் நகரின் காலடியில் ஒரு வெற்று நகரம்

பழைய ஊர் எதற்குச் சென்றாலும் ஒரு சுரங்கப்பாதைக் கதை கேட்கலாம். கோயிலிலிருந்து அரண்மனைக்கு ஒரு வழி, அரண்மனையிலிருந்து ஆற்றங்கரைக்கு ஒரு வழி, அதற்குள் போனவர் திரும்பவில்லை என்றெல்லாம் பெரியவர்கள் சொல்லுவார்கள். அவற்றுள் எத்தனை உண்மை, எத்தனை கற்பனை என்பது வேறு செய்தி. ஆனால் உலகப் புகழ் பெற்ற ஒரு தலைநகரத்தின் கீழே, கதையாக அல்லாமல் மெய்யாகவே, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்திற்குச் சுரங்க வழிகள் ஓடுகின்றன. அவற்றைத் தோண்டியவர்கள் மன்னர்களும் அல்லர், ஒற்றர்களும் அல்லர். பிறகு யார்? எதற்காகத் தோண்டினார்கள்? தோண்டியதை ஊரார் எப்படி மறந்தார்கள்? மறந்ததற்கு என்ன விலை கொடுத்தார்கள்? இவற்றைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நரகத் தெருவில் ஒரு பள்ளம்

1774-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள். பாரிஸ் நகரின் தென்பகுதியில் 'ரூ தாம்ஃபேர்' என்று ஒரு தெரு இருந்தது. பிரெஞ்சு மொழியில் அதற்கு 'நரகத் தெரு' என்று பொருள். அன்று அந்தத் தெருவின் ஒரு பகுதி திடீரென்று உள்ளே இறங்கிப் பெரும் பள்ளமாயிற்று. நிலநடுக்கம் எதுவும் இல்லை, வெள்ளமும் இல்லை. எட்டிப் பார்த்தவர்களுக்குப் பல மாடிக் கட்டடம் ஒன்றையே விழுங்கிவிடக்கூடிய ஆழம் தெரிந்தது. அதைவிட அதிர்ச்சி தந்தது பள்ளத்தின் அடியில் தெரிந்த காட்சி. மனிதக் கை வெட்டிய குகை வழிகள் இருளுக்குள் நாலாபக்கமும் சென்றன.

அந்த வழிகள் எங்கே தொடங்குகின்றன, எங்கே முடிகின்றன, இன்னும் எந்தெந்தத் தெருவின் கீழே இருக்கின்றன? விடை சொல்ல நகரில் ஒருவரும் இல்லை; முழுமையான வரைபடமும் இல்லை. தாம் உறங்கும் வீட்டின் கீழே பாறை இருக்கிறதா, வெறுங்காற்று இருக்கிறதா என்று அறியாமலே ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்து வந்தார்கள்.

நகரம் வந்த வழி

இதைப் புரிந்துகொள்ள நாம் மிகவும் பின்னோக்கிப் போக வேண்டும். சுமார் நாலரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பாரிஸ் இருக்கும் இடம் ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகள், நத்தைகள், கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் ஓடுகள் அடித்தளத்தில் படிந்து, அழுந்தி, இறுகிச் சுண்ணாம்புக்கல்லாயின. ரோமானியர் காலத்தில் பாரிஸுக்கு 'லுட்டீஷியா' என்று பெயர். அந்தப் பெயரைக் கொண்டே புவியியலார் அந்தக் காலப் பகுதிக்கு 'லுட்டீஷியன் காலம்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கல் வெட்டுவதற்கு எளிது, பார்வைக்கும் அழகு. மெல்லிய மஞ்சள் கலந்த வெண்ணிறம் கொண்டது. ரோமானியர் இதைத் திறந்த வெளியிலேயே வெட்டி எடுத்தார்கள். பிறகு தேவை பெருகிற்று. 1163-இல் தொடங்கப்பட்ட நோத்ர் தாம் தேவாலயம், அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்த லூவர் கோட்டை, நகரைச் சுற்றிய மதில் ஆகிய எல்லாவற்றுக்கும் கல் வேண்டும். மேல்மண்ணை முழுவதும் அகற்றினால் விளைநிலம் பாழாகும். ஆகவே, மேலே பயிர் இருக்கட்டும், கீழே கல்லை எடுப்போம் என்று கல்வெட்டுவோர் முடிவு செய்தார்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவுகளில் பக்கவாட்டில் குடைந்து நுழைந்தார்கள். சரிவு இல்லாத இடங்களில் கிணறு போல ஆழக்குழி இறக்கி, கல் அடுக்கை அடைந்ததும் நாலாபக்கமும் குடைந்து சென்றார்கள்.

வெட்டிய கல்லை மேலே ஏற்றுவதற்கு அவர்கள் பயன்படுத்திய பொறி சுவையானது. கிணற்று வாயின் மேல் ஓர் உருளை. அதன் ஒரு முனையில் வீட்டு உயரத்துக்கு ஒரு பெரிய மரச் சக்கரம். சக்கரத்தின் விளிம்பில் ஏணிப்படிபோல முளைகள் அடித்திருக்கும். தொழிலாளி அதில் ஏறிக்கொண்டே இருப்பார்; அவருடைய உடல் எடையால் சக்கரம் சுழலும்; உருளையில் கயிறு சுற்றிக் கல் மேலே வரும். நம் ஏற்றத்தில் மரத்தின் மேல் நடந்து நீர் இறைப்பவரும் தம் உடல் எடையைத்தானே பயன்படுத்துகிறார்! நெம்புகோல் தத்துவம் இரண்டுக்கும் ஒன்றே. சக்கரத்தின் ஆரம் உருளையின் ஆரத்தைவிட எத்தனை மடங்கோ, ஏறக்குறைய அத்தனை மடங்கு எடையை ஒருவரே தூக்கிவிடலாம்.

நகரின் வடக்கே வேறொரு பொருள் கிடைத்தது. மோன்மார்த், மெனில்மோந்தான் முதலிய மேடுகளில் இருந்தது ஜிப்சம். அதைச் சுட்டுப் பொடியாக்கினால் கிடைப்பதே நீங்கள் நன்கறிந்த 'பாரிஸ் சாந்து'. எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப்போட உதவும் அந்த வெண்பொடியின் பெயரிலேயே இந்த வரலாறு ஒளிந்திருக்கிறது.

இவ்வளவும் நடந்தபோது அந்த இடங்கள் நகருக்கு வெளியே இருந்த வயல்களும் திராட்சைத் தோட்டங்களுமே. கல் தீர்ந்ததும் கிணற்றை மூடிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். மேலே மண் மூடியது, புல் முளைத்தது, தலைமுறைகள் மாறின. பிறகு நகரம் வளர்ந்து வளர்ந்து அந்த வயல்களின் மேலேயே வந்து அமர்ந்தது. தன் காலடியிலிருந்து எடுத்த கல்லைக்கொண்டே மாளிகைகளைக் கட்டி, அந்த மாளிகைகளின் முழுச் சுமையையும் கல் எடுத்த பொந்தின் மேலேயே நகரம் ஏற்றிவிட்டது.

எச்சரிக்கையே இல்லை என்று சொல்ல முடியாது. 1645-இல் வால் த கிராஸ் தேவாலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது கீழே பழைய சுரங்கம் வெளிப்பட்டது. அதைச் சரிசெய்யவே பெரும் பணம் செலவாயிற்று. 1667-இல் பாரிஸ் வானாய்வுக்கூடம் எழுப்பத் தொடங்கியபோதும் அதே தொல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் கட்டடத்தின் கீழே மட்டும் சரிசெய்துகொண்டார்கள். நகரம் முழுவதற்குமாக யாரும் சிந்திக்கவில்லை.

தூணின் கணக்கு

சில நூறு ஆண்டுகள் நின்ற சுரங்கம் திடீரென்று ஏன் விழ வேண்டும்? மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

சுரங்கத்தின் கூரை தரைமட்டத்திலிருந்து 20 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். மண்ணும் பாறையும் சேர்ந்து ஒரு கன மீட்டருக்குச் சராசரியாக 2 டன் எடை எனலாம். அப்படியானால் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் 40 டன் சுமை இருக்கும். கல்லை வெட்டும்போது இடையிடையே சில பகுதிகளை வெட்டாமல் தூணாக விட்டுவிடுவார்கள். நாலில் மூன்று பங்கு கல்லை எடுத்துவிட்டு ஒரு பங்கை மட்டும் விட்டால், முழுப்பரப்பின் சுமையும் அந்த ஒரு பங்கின் மேல் விழும். அதாவது தூணின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 160 டன் தாங்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் நாற்பது யானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்!

நல்ல சுண்ணாம்புக்கல் இந்த அழுத்தத்தைத் தாங்கிவிடும். ஆனால் நீர் ஊறிய கல்லின் வலிமை குறையும். மேலே புதிய வீடுகள் எழும்போது சுமை கூடும். பேராசை கொண்ட யாரோ ஒருவர் பிற்காலத்தில் நுழைந்து தூணிலும் கொஞ்சம் செதுக்கி எடுத்திருக்கலாம். ஒரு தூண் முறிந்தால் அதன் சுமை பக்கத்துத் தூண்களுக்குப் போகும்; அவையும் முறிந்தால் அடுத்தவற்றுக்குப் போகும். சீட்டுக்கட்டு வீடு சரிவதைப் போல ஒரு பகுதி முழுவதுமே சரிய வாய்ப்புண்டு.

கூரைக்கு வேறொரு குறை உண்டு. கல்லை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இரு தூண்களுக்கு இடையே உள்ள கூரையின் அடிப்பரப்பு, புத்தகச் சுமையால் வளையும் அலமாரிப் பலகையின் அடிப்பக்கம் போல, இழுவிசைக்கு உட்படுகிறது. அதில் விரிசல் விட்டு ஓர் அடுக்கு பெயர்ந்து விழும். பிறகு அதற்கு மேலுள்ள அடுக்கு; பிறகு அதற்கும் மேலுள்ளது. இவ்வாறு மணியைக் கவிழ்த்தாற்போன்ற ஒரு வெற்றிடம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மேலே ஏறி வரும். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ஃபோன்டி' என்பார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். உடைந்து விழும் கல்லே குழியை நிரப்பிவிடாதா? நல்ல கேள்விதான். உடைந்த கல், உடையாத பாறையைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு கன மீட்டர் பாறை உடைந்தால் 1.3 கன மீட்டர் குவியலாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தின் உயரம் 2 மீட்டர் என்றால், ஏழு மீட்டர் பாறை விழுவதற்குள் வெற்றிடம் முழுவதும் நிரம்பி ஆபத்து நின்றுவிட வேண்டும். பல இடங்களில் அப்படித்தான் நின்றும் போயிருக்கிறது. ஆனால் விழுந்த கல் ஒரே இடத்தில் குவியாமல் பக்கத்து வழிகளுக்குள் சரிந்து பரவினாலோ, கசிந்து வரும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு போனாலோ இந்தக் கணக்கு பொய்த்துவிடும். அப்போது வெற்றிடம் ஏறி ஏறித் தெருக்கல்லின் அடிக்கே வந்துவிடும். கடைசியில் ஒரு வண்டியின் எடை போதும், தெரு இறங்கிவிடும். மேலே நின்றவர்களுக்கு அது திடீர் விபத்து. கீழே அது பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்த ஒன்று.

வரைபடம் வரைந்த மனிதர்

பதினாறாம் லூயி மன்னரின் அரசு 1777 ஏப்ரலில் சுரங்கங்களுக்கென்றே ஒரு தனி ஆய்வுத் துறையை அமைத்தது. அதன் பொறுப்பு ஷார்ல் அக்செல் கியோமோ என்ற கட்டடக் கலைஞரிடம் தரப்பட்டது. இவர் 1730-இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்தவர். துறை வேலையைத் தொடங்கிய அன்றே நரகத் தெருவில் இன்னொரு கட்டடம் நிலத்துக்குள் இறங்கியது என்று அத்துறையின் பழைய வரலாறு கூறுகிறது. அடுத்த ஆண்டு ஜூலையில் மெனில்மோந்தானின் ஜிப்சம் சுரங்கம் சரிந்து ஏழு பேரைப் பலிகொண்டது.

கியோமோவின் முன் இருந்த வேலையை எண்ணிப் பாருங்கள். எதிரி எங்கே இருக்கிறான் என்றே தெரியாத போர் அது. எல்லா வெற்றிடத்தையும் மண்ணிட்டு நிரப்புவது நடவாத காரியம். எனவே அவர் வேறு வழியை மேற்கொண்டார். முதலில் தேடு, பிறகு அள, பிறகு தாங்கு.

அவருடைய ஆட்கள் விளக்கொளியில் இறங்கி, வழிகளின் திசையையும் தூரத்தையும் அளந்து, மேலேயுள்ள தெரு வரைபடத்தோடு பொருத்தினார்கள். மேலே ஒரு தெரு சென்றால், கீழேயும் அதன் போக்கிலேயே வழிகளைக் குடைந்து, தெருவின் இரு ஓரங்களுக்கும் நேர் கீழே கற்சுவர்களை எழுப்பினார்கள். வழியில் எதிர்ப்பட்ட பழைய வெற்றிடங்களை ஆராய்ந்து, தேவையான இடங்களில் தூண்களைக் கட்டினார்கள். இவ்வாறு மேலே உள்ள நகரத்தின் நிழல்போலக் கீழே இன்னொரு நகரம் உருவாயிற்று. ஆக, நாம் சுரங்கவழி என்று சொல்லும் இந்த வழிகளில் பல, கல் எடுப்பதற்காக அல்லாமல் நகரத்தைக் காப்பதற்காகப் பிற்காலத்தில் அமைக்கப்பட்டவையே.

தாம் கட்டிய ஒவ்வொன்றிலும் கியோமோ அடையாளம் பொறிக்கச் செய்தார். வரிசை எண், தம் பெயரின் முதலெழுத்து, ஆண்டு ஆகிய மூன்றும் அதில் இருக்கும். மேலேயுள்ள தெருவின் பெயரும் கீழே சுவரில் செதுக்கப்பட்டது. மேலே தெருக்கள் பல இடிக்கப்பட்டன, பெயர்கள் மாறின. நரகத் தெருவின் பெயரே 1870-களின் இறுதியில் மாறிற்று. போரில் பெல்ஃபோர் நகரைக் காத்த படைத்தலைவர் தாம்ஃபேர் ரோஷ்ரோவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஒலியில் பழைய பெயரும் ஒட்டிக்கொண்டது. பொருளில் நரகம் போய்விட்டது! மேலே மறைந்த இத்தகைய பழைய பெயர்கள் பல, கீழே கல்லில் இன்றும் இருக்கின்றன.

இதில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நிலம் யாருடையதோ, அதன் அடியும் அவருடையதே என்பது பிரெஞ்சுச் சட்டம். எனவே அரசு தாங்கிப் பிடித்தது பொதுத் தெருக்களையும் அரசுக் கட்டடங்களையும்தான். தனியார் வீட்டின் கீழே உள்ள வெற்றிடம் அந்த வீட்டுக்காரரின் பொறுப்பு. அதை அறியவும் சரிசெய்யவும் வசதி இல்லாதவர்களின் நிலை என்னவாயிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

புரட்சிக்கால ஆண்டுகள் சில நீங்கலாக, 1807-இல் இறக்கும்வரை கியோமோ இந்தப் பணியில் இருந்தார். நோத்ர் தாமைக் காண வருவோர் கோடிக்கணக்கில் உண்டு. அந்த நகரத்தை விழாமல் பார்த்துக்கொண்ட இவருடைய பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

எலும்புகளும் வழி தவறியவரும்

கியோமோவின் காலத்தில் நகரத்துக்கு வேறொரு தலைவலியும் இருந்தது. நகர நடுவே, சந்தையை ஒட்டியிருந்த பழைய இடுகாடு நிரம்பி வழிந்தது. 1780-இல் அதன் அழுத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டு நிலவறைச் சுவர் உடைந்தது. இடுகாட்டை மூடி, எலும்புகளைத் தென்பகுதிச் சுரங்கங்களுக்கு மாற்ற முடிவு செய்தார்கள். 1786 ஏப்ரலில் அந்த இடம் சமயச் சடங்குகளோடு அர்ப்பணிக்கப்பட்டது. கறுப்புத் துணி போர்த்திய வண்டிகள் இரவு நேரத்தில், பாதிரிமார் ஓதியபடி உடன்வர, எலும்புகளைக் கொண்டு சென்றன. பிற இடுகாடுகளிலிருந்தும் பின்னர் எலும்புகள் வந்தன. அறுபது லட்சம் பேருடைய எலும்புகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 'காட்டகோம்' என்ற பெயரில் உலகம் அறிந்திருப்பது இந்தப் பகுதியைத்தான். அது முழுச் சுரங்கத்தில் மிகச் சிறிய ஒரு பங்கே.

வரைபடம் இல்லாமல் உள்ளே போவது எத்தகையது என்பதற்கு ஒருவருடைய முடிவே சான்று. ஃபிலிபேர் அஸ்பேர் என்பவர் வால் த கிராஸ் மருத்துவமனையின் வாயிற்காவலர். 1793 நவம்பரில் தனியாகச் சுரங்கத்துக்குள் இறங்கினார், திரும்பவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1804-இல் அவருடைய எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். இன்னார் என்று காட்டிக்கொடுத்தது அருகில் கிடந்த சாவிக்கொத்து. அந்த இடத்திலேயே அவருக்கு ஒரு கல்லறைக் கல் நிறுவினார்கள்.

அறிவியலுக்கு உதவிய இருள்

இருட்டிலும் அறிவியல் வளர்ந்தது. வானாய்வுக்கூடத்தின் கீழே சுமார் 28 மீட்டர் ஆழத்தில் உள்ள பழைய சுரங்கத்தில், 1783-இல் லவாய்சியர் ஒரு நுட்பமான வெப்பமானியை அமைத்தார். கோடையோ குளிரோ, அங்கே வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸை ஒட்டியே நின்றது. காரணம் எளிது. பாறை வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துகிறது. ஆண்டுதோறும் மேலே ஏற்படும் வெப்ப ஏற்ற இறக்கம், ஒவ்வொரு மூன்று மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 28 மீட்டருக்குப் போவதற்குள் அது சில ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

வடக்கே மோன்மார்த் ஜிப்சத்தில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்துதான் கூவியே என்ற அறிஞர், இன்று உலகில் இல்லாத விலங்கினங்கள் முன்பு வாழ்ந்தன என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினார்.

கதை முடிந்துவிடவில்லை

1813-இல் பாரிஸ் நகரின் கீழே கல் எடுப்பது தடை செய்யப்பட்டது. ஆனால் எடுத்தது எடுத்ததுதானே! மோன்மார்த் குன்றின் மேல் 1875-இல் சாக்ரே கேர் தேவாலயத்தைத் தொடங்கியபோது, 83 கிணறுகளைத் தோண்டிக் கற்காரையால் நிரப்பி, அவற்றின் மேல்தான் அடித்தளம் போட்டார்கள். 1961 ஜூன் 1-ஆம் நாள் நகருக்குத் தெற்கே கிளமார், இஸ்ஸி ஆகிய இடங்களில் ஒரு பழைய சுண்ணச் சுரங்கம் சரிந்தது. மேலே இருந்த குடியிருப்புப் பகுதி அதனோடு இறங்கிற்று. 21 பேர் மாண்டனர். முதல் பள்ளம் விழுந்து அப்போது 186 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

இன்று வெற்றிடத்தைத் தேட இயற்பியல் கைகொடுக்கிறது. கீழே பாறை இருந்தால் அது நம்மை இழுக்கும். வெற்றிடம் இருந்தால் அந்த இழுப்பு ஒரு துளி குறையும். இரண்டு மீட்டர் உயரமுள்ள அகன்ற வெற்றிடத்தின் மேலே புவியீர்ப்பு ஏறத்தாழ ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு குறையும். அதையும் அளக்கும் கருவிகள் உண்டு. ஐயம் எழும் இடத்தில் துளையிட்டுப் பார்த்து, தேவையானால் காரையைச் செலுத்தி நிரப்புகிறார்கள். 1777-இல் தொடங்கிய ஆய்வுத் துறை இன்னும் இயங்குகிறது. நகரப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கின் கீழே பழைய சுரங்கங்கள் இருப்பதால், அங்கே கட்டடம் எழுப்புவோர் முதலில் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டறிய வேண்டும். பொதுமக்கள் காண்பதற்கென அமைத்த ஒன்றரைக் கிலோமீட்டர் பகுதி நீங்கலாக, மற்ற வழிகளில் அனுமதியின்றி நுழைவது 1955 முதல் குற்றம்.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் என்னைக் கேட்பது ஒன்றுதான்: "உள்ளே புதையல் இருக்கிறதா, சார்?" இல்லை என்றே சொல்லுவேன். புதையல் ஏற்கனவே வெளியே வந்துவிட்டது. தேவாலயமாகவும் கோட்டையாகவும் வீடுகளாகவும் நகரின் மேலே நிற்கிறது. உள்ளே இருப்பது அதை எடுத்த இடம். எடுத்தவர்கள் எங்கே எவ்வளவு எடுத்தோம் என்று குறித்து வைக்கவில்லை. அந்தக் குறிப்பை எழுதும் வேலை பின்வந்தவர்களுக்கு இருநூற்று ஐம்பது ஆண்டுகளாக ஓயவில்லை. மலையை உடைத்தும் ஆற்று மணலை அள்ளியும் வீடு கட்டும் நாமும், எடுத்த இடத்தைக் குறித்து வைக்கிறோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.